குழாயில் பூசிய மருந்து

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெறுகிறவருக்கு வாரக்கணக்கில் ரத்தம், மருந்து, ஊட்டத் திரவம் என்று ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை நரம்பு அதைத் தாங்காது. அதனால் கழுத்திலோ மார்பிலோ மெல்லிய குழாயைச் செருகி, அதன் நுனியை இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் நிறுத்துகிறார்கள். வார்டில் 'சென்ட்ரல் லைன்' என்பது இதைத்தான். 1979இல் சியாட்டிலின் ராபர்ட் ஹிக்மன் இந்த நோயாளிகளுக்காகவே ஒரு குழாயை அமைத்தார். அது தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓடும். அங்கே அதைச் சுற்றி டாக்ரான் துணிப்பட்டை. சதை பட்டைக்குள் வளர்ந்து பற்றிக்கொள்ள, வெளியிலிருந்து வரும் கிருமிக்கு அதுவே வேலி.

ஆனால் வேலியைத் தாண்டியும் கிருமி வருகிறது, பெரும்பாலும் நம் தோலில் சாதுவாக இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ்தான். குளத்துப் படியில் பாசி படிவதுபோல் குழாயில் வழுவழுவென்று படலம் கட்டிக்கொள்ளும். அதற்குள் போய்விட்டால் மருந்து எளிதில் எட்டாது. வெள்ளணுக்களே இல்லாத நோயாளிக்கு அந்தப் படலத்திலிருந்து உதிரும் கொஞ்சம் கிருமியே உயிருக்கு உலை.

படலம் கட்டவே விடக்கூடாது என்று குழாயின் உள்ளும் புறமும் மருந்து பூசினார்கள். ஒன்று மினோசைக்ளின். இன்னொன்று ரிஃபாம்பிசின், ஆம், டி.பி.க்குத் தரும் அதே மருந்து. தனியாகப் பூசினால் கிருமி சீக்கிரம் பழகிவிடும் என்பதால் ஜோடி. 1999இல் வெளியான, 12 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், புறத்தே மட்டும் கிருமிநாசினி பூசிய குழாய்களில் 3.4 சதவீதம் ரத்தத் தொற்றை உண்டாக்கின. இந்த ஜோடிப் பூச்சில் 0.3 சதவீதம்தான்.

நல்ல கணக்குதான். ஆனால் அவை சில நாட்களே உள்ளே இருந்த குழாய்கள். நாளாக ஆகப் பூச்சு கரையும். காண்டிடா பூஞ்சையிடமும் இந்த ஜோடி அவ்வளவாகச் செல்லாது.

அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியூக்கள் இந்த ரத்தத் தொற்றைத் தடுக்கச் சேர்ந்து செய்ததோ மிக எளியது: கை கழுவுதல், முழு அங்கி, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்தல். மூன்றே மாதத்தில் குறைந்தது பாதி ஐசியூக்களில் இந்தத் தொற்று பூஜ்யம். இத்தனையும் செய்தும் தொற்று குறையாவிட்டால் பூச்சுக் குழாய்க்குப் போகலாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2011இல் தந்த வழிகாட்டல்.

உங்கள் வீட்டு நோயாளிக்குச் சென்ட்ரல் லைன் இருந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: "இது இன்னும் தேவையா, டாக்டர்?"