மின்செயல் பல்லுறுப்பி இயக்கிகளில் மின்னிழப்பைக் குறைத்தல்

முன்னுரை

மின்புலத்திற்கு உட்படும்போது வடிவம் மாறும் பல்லுறுப்பிகள் மின்செயல் பல்லுறுப்பிகள் எனப்படும். மின்னூட்டம் பெற்ற ரப்பர் பட்டை நீள்வதை ரான்ட்ஜன் 1880இல் ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வாளர்கள், முன்னரே இழுத்துப் பொருத்திய அக்ரிலிக் படலங்களில் 100 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட திரிபைப் பெற்றனர். அதன்பின் இவற்றைச் செயற்கைத் தசைகளாகப் பயன்படுத்தும் முயற்சி விரைவுற்றது. எனினும் செலுத்தப்படும் மின்னாற்றலில் ஒரு பகுதி இயக்கமாக மாறாமல் வெப்பமாகிறது. அவ்விழப்பின் வகைகளையும் அதனைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இழப்பின் வகைகள்

மீள்மப் படலத்தின் இருபுறமும் நீளக்கூடிய மின்முனைகளைப் பூசினால் அது ஒரு மின்தேக்கியாகிறது. இதில் இழப்பு மூன்று வழிகளில் நேர்கிறது. முதலாவது, படலத்தின் ஊடே செல்லும் கசிவு மின்னோட்டம். இரண்டாவது, மாறும் மின்புலத்திற்கு மூலக்கூற்று இருமுனைகள் பின்தங்கித் திரும்புவதால் எழும் முனைவாக்க இழப்பு. மூன்றாவது, மின்முனைகளிலும் இயக்கு சுற்றிலும் உள்ள மின்தடையால் ஏற்படும் இழப்பு.

முனைவாக்க இழப்பு ‘டேன் டெல்டா’ என்னும் மதிப்பால் குறிக்கப்படும். சைன் அலை வடிவ மின்புலத்தில், இம்மதிப்பு 0.01 எனில் உச்சத்தில் சேமிக்கப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பமாகும், 0.05 எனில் 31 விழுக்காடு வெப்பமாகும்.

விடுதிறனை மட்டும் உயர்த்துவதன் விளைவு

படலத்தை அழுத்தும் தகைவு, விடுதிறனுக்கும் மின்புலத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். ஆகவே விடுதிறன் மிகுந்த பேரியம் டைட்டனேட் போன்ற நிரப்பிகளைச் சேர்ப்பது வழக்கம். இதன் விளைவைக் கணக்கீடொன்றால் அறியலாம்.

50 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கோன் படலத்திற்கு 3,000 வோல்ட் அளிப்பதாகக் கொள்வோம். ஒப்புமை விடுதிறன் 3 எனில் தகைவு ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல். மின்கடத்து எண் மீட்டருக்கு 1 பிக்கோசீமென்ஸ் எனில், கன சென்டிமீட்டருக்கு 3.6 மில்லிவாட் வெப்பம் எழும். மின்மூலத்தைத் துண்டித்தால், மின்னூட்டம் 37 விழுக்காடாகக் குறைய ஏறத்தாழ 27 நொடிகள் ஆகும்.

நிரப்பியால் விடுதிறன் 6 ஆகவும், மின்கடத்து எண் 100 பிக்கோசீமென்ஸ் ஆகவும் உயர்ந்தால் தகைவு இருமடங்காகும். ஆனால் வெப்பம் நூறு மடங்காகும். மின்னூட்டம் நிலைக்கும் காலமோ அரை நொடியளவாகச் சுருங்கும். நிரப்பி படலத்தின் விறைப்பையும் கூட்டுவதால், திரிபு இருமடங்காகும் என்பதற்கும் உறுதியில்லை. எனவே விடுதிறனுக்கும் மின்கடத்து எண்ணுக்கும் உள்ள விகிதமே கருத்தில் கொள்ளத்தக்கது.

இழப்பைக் குறைக்கும் வழிகள்

பல்லுறுப்பியில் எஞ்சியுள்ள அயனிகள், வினையூக்கி எச்சங்கள், ஈரம் ஆகியவற்றை நீக்குவது முதற்படி. நிரப்பித் துகள்களின் மேற்பரப்பைச் சிலேன் சேர்மங்களால் பூசினால் அவை திரளாமல் பரவும். இடைமுகத்தில் மின்னூட்டம் தேங்குவதும் குறையும். கார்பன் போன்ற கடத்தும் துகள்களைச் சேர்க்கும்போது, அவை ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ப்பாதை அமைக்காத அளவிலேயே சேர்த்தல் வேண்டும்.

மின்முனைகள் நீட்சியிலும் கடத்துதிறனை இழவாதிருத்தல் வேண்டும். மாறா மின்னழுத்த மூலத்திலிருந்து மின்தடை வழியே மின்னேற்றினால், சேமிக்கப்படும் ஆற்றலுக்கு இணையான ஆற்றல் வெப்பமாகிவிடும். மின்னழுத்தத்தைப் பத்துச் சமபடிகளாக உயர்த்தினால் அவ்விழப்பு பத்திலொன்றாகும். மின்னிறக்கத்தின்போது ஆற்றலைத் தூண்டுசுருள் வழியே மீட்பதும் இயலும்.

அயனிவகை இயக்கிகள் சில வோல்ட்டிலேயே இயங்குகின்றன. ஆயினும் நீரடிப்படையிலானவற்றில் 1.23 வோல்ட்டிற்கு மேல் நீர் மின்னாற்பகுப்புறும் வாய்ப்புள்ளது. நீருக்கு மாற்றாக அயனித் திரவங்களைப் பயன்படுத்துவது இவ்விழப்பைக் குறைக்கும்.

அளவீடு

பிள்ளையார்பட்டியை அடுத்த காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. அரிமானம், மின்கலம் ஆகிய துறைகளில் அங்குக் கையாளப்படும் மின்னெதிர்ப்பு நிறமாலையியல் இப்பல்லுறுப்பிகளுக்கும் பொருந்துவதாகும். அதிர்வெண்ணை மாற்றி அளக்கும்போது கசிவு தாழ் அதிர்வெண்ணிலும், மின்முனைத் தடை உயர் அதிர்வெண்ணிலும் வெளிப்படுவதால் இழப்பின் மூலத்தைப் பிரித்தறியலாம். ஆனால் இவ்வளவீடு பெரும்பாலும் சிறு மின்னழுத்தத்தில் நிகழ்வது. உயர் மின்புலத்தில் கசிவு பன்மடங்காகக் கூடுமாதலால், இயங்கு மின்புலத்திலும் கசிவை அளத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

விடுதிறன் உயர்வை மட்டும் அறிவிக்கும் ஆய்வு, இயக்கியின் பயனை முழுமையாகக் காட்டாது. டேன் டெல்டா, இயங்கு மின்புலத்தில் கசிவு, விறைப்பு ஆகிய மூன்றையும் உடன்தருவதே புதிய பொருள்களை முறையாக ஒப்பிட வழிவகுக்கும்.