மூணாவது ஃபவுல்: எண்ணத் தெரியாமல் நான் ஒரு தம்பியைத் தோற்கடித்த கதை

போன செமஸ்டர் நடந்த இன்டோர் கேம்ஸில் பூல் மேட்சுக்கு ரெஃப்ரியாக நிற்க ஆள் இல்லை. "உனக்குத்தான் ரூல்ஸ் தெரியுமே, நில்லு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நைன் பால். முதலில் 5 ரேக் எடுப்பவர் வெற்றி. ஒரு பக்கம் ஃபைனல் இயர் சீனியர், இன்னொரு பக்கம் ஃபர்ஸ்ட் இயர் தம்பி. ஸ்கோர் 4-4. கடைசி ரேக்கில் தம்பிதான் பிரேக் அடித்தான், வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தது. பேப்பரில் ஒரு கோடு போட்டேன். அடுத்த முறை வந்தபோது 2-ஐத் தொட வேண்டிய இடத்தில் 3-ஐத் தொட்டுவிட்டான். இரண்டாவது கோடு. மூன்றாவது முறை வந்தான். 4-ஐ அழகாகப் போட்டான். அடுத்து 5-ஐ அடித்தபோது வெள்ளைப் பந்து பின்னாடியே ஓடிப்போய் பாக்கெட்டில் விழுந்தது. மூன்றாவது கோடு போட்டுவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்: "மூணு ஃபவுல். ரேக் ஓவர். மேட்ச் ஓவர்."

அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு "சரிண்ணா" என்று சொல்லி சீனியருக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி தலத்தெரு ரூமுக்கு வந்து, அதே ஸ்கோர் பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான் சொன்னது தப்பு. எங்கே தப்பு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டால், அடுத்த வருஷம் நீங்களே ரெஃப்ரி. தெரியவில்லையென்றால் மேலே படியுங்கள், ஏனென்றால் அடுத்த வருஷம் உங்களையும் இப்படித்தான் தள்ளிவிடப் போகிறார்கள்.

ரூல் என்ன சொல்கிறது?

கேரமில் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன். ஒரு காயினை எடுத்து வைத்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. முந்தைய ஃபைனுக்கும் இந்த ஃபைனுக்கும் சம்பந்தம் இல்லை. நைன் பால் அப்படி இல்லை. அதற்கு ஞாபகசக்தி உண்டு.

ஒவ்வொரு ஃபவுலுக்கும் உடனடித் தண்டனை 'பால் இன் ஹேண்ட்': எதிராளி வெள்ளைப் பந்தை மேஜையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். அதற்கு மேல் இன்னொரு தண்டனையும் காத்திருக்கிறது. உலக பூல் சங்கமான டபிள்யூ.பி.ஏ. விதிப்படி, ஒரே ரேக்கில் ஒரு ஆட்டக்காரர் தொடர்ந்து மூன்று ஷாட்களில், நடுவில் ஒரு சரியான ஷாட் கூட அடிக்காமல், ஃபவுல் செய்தால் அந்த ரேக்கே போய்விடும். மேஜையில் எத்தனை பந்து மிச்சம் இருந்தாலும் சரி.

இந்த வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'ஷாட்'. 'டர்ன்' இல்லை. நான் விழுந்த பள்ளம் இதுதான். தம்பியின் மூன்று டர்னும் ஃபவுலில் முடிந்தன என்பது உண்மை. ஆனால் மூன்றாவது டர்னில் அவன் முதலில் 4-ஐச் சரியாகப் போட்டான். அந்த நொடியில் அவன் கணக்கு 2-லிருந்து 0-க்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்த ஃபவுல் மூன்றாவது இல்லை, முதலாவது. சீனியருக்குப் பால் இன் ஹேண்ட் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்க வேண்டும். மேஜையில் இன்னும் பந்துகள் இருந்தன.

இன்ஜினியரிங் பாஷையில் சொன்னால்

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ஸ்டேட் மெஷின் படித்திருப்பீர்கள். பரீட்சையோடு மறந்துபோன அந்த வட்டங்களும் அம்புகளும் இங்கே உதவும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாக ஒரு கவுன்ட்டர் வையுங்கள். அதற்கு நாலே விதிகள்:

1. புது ரேக் தொடங்கினால் இரண்டு கவுன்ட்டரும் 0.
2. ஒருவர் ஃபவுல் செய்தால் அவருடைய கவுன்ட்டர் மட்டும் 1 கூடும்.
3. ஒருவர் சரியான ஷாட் அடித்தால் அவருடைய கவுன்ட்டர் மட்டும் 0 ஆகும்.
4. கவுன்ட்டர் 2 ஆனால் எச்சரிக்கை, 3 ஆனால் ரேக் காலி.

'அவருடைய கவுன்ட்டர் மட்டும்' என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், காரணம் உண்டு. நீங்கள் ஒரு ஃபவுல் செய்த பிறகு எதிராளி வந்து ஐந்து பந்தைப் போட்டாலும், அவரே ஃபவுல் செய்தாலும், உங்கள் கணக்கு அப்படியே நிற்கும். உங்கள் ஷாட்தான் உங்கள் கணக்கை மாற்றும்.

மூன்றாவது விதியில் பந்து விழ வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதையும் பாருங்கள். மேஜையில் இருக்கும் சின்ன நம்பர் பந்தை முதலில் தொட்டு, அதன் பிறகு ஏதாவது ஒரு பந்து பாக்கெட்டில் விழுந்தாலோ குஷனைத் தொட்டாலோ போதும், அது சரியான ஷாட். ஒளித்து வைத்து ஆடும் சேஃப்டி ஷாட் கூட ஒழுங்காக அடித்தால் கணக்கை 0 ஆக்கிவிடும்.

ஒரு உதாரணம். ஏ பிரேக் அடிக்கிறார், வெள்ளை விழுகிறது: ஏ = 1. பி வந்து இரண்டு பந்து போட்டுவிட்டு 3-ஐத் தவறவிடுகிறார், ஆனால் ஷாட் சரியானதே: பி = 0. ஏ வந்து 3-க்கு முன்னால் 5-ஐத் தொடுகிறார்: ஏ = 2, எச்சரிக்கை. பி பால் இன் ஹேண்ட் எடுத்து, 3-ஐ 8-க்குப் பின்னால் ஒளிக்கிறார். ஏ குஷனில் மோதவிட்டு 3-ஐத் தேடிப் பிடித்துத் தொடுகிறார். அதன் பிறகு ஏதாவது ஒரு பந்து குஷனுக்குப் போயிருந்தால் ஏ = 0, தப்பித்தார். எதுவும் போகாமல் நடுவிலேயே நின்றுவிட்டால் ஏ = 3, ரேக் முடிந்தது. 3-ஐத் தொட்டுவிட்டார் என்று கைதட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இது புரியாது. உங்களுக்குப் புரிய வேண்டும்.

சந்தேகம் வரும் இடங்கள்

பிரேக்கில் செய்த ஃபவுல் கணக்கில் வருமா? நைன் பாலில் வரும். வெள்ளை விழுந்தாலும் சரி, பந்து எதுவும் விழாமல் நாலு பந்தாவது குஷனைத் தொடாமல் போனாலும் சரி, கவுன்ட்டர் 1.

ஒரே ஷாட்டில் இரண்டு தப்பு நடந்தால்? தப்பான பந்தைத் தொட்டு, வெள்ளையும் விழுந்தது என்றால் இரண்டு கோடு போடக் கூடாது. ஒரு ஷாட்டுக்கு ஒரு ஃபவுல்தான்.

'புஷ் அவுட்' அடித்தால்? பிரேக்குக்கு அடுத்த ஷாட்டில் மட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு, எந்தப் பந்தையும் தொடாமல் கூட வெள்ளையை நகர்த்தலாம். அது ஃபவுல் இல்லை. அது கணக்கை 0 ஆக்குமா என்று எங்கள் ரூமில் பெரிய விவாதமே நடந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது. பிரேக்கில் ஃபவுல் ஆகிவிட்டால் புஷ் அவுட் வாய்ப்பே கிடையாது. அதனால் புஷ் அவுட் அடிக்கும் நேரத்தில் இரண்டு பேர் கணக்கும் ஏற்கெனவே 0-தான்.

ஃபவுலை யாரும் கவனிக்காமல் அடுத்த ஷாட் அடித்துவிட்டால்? அந்த ஃபவுல் நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டு ஷாட் கழித்து "அப்பவே கை பட்டுச்சு, நான் பாத்தேன்" என்று சொல்லி எண்ணிக்கையை ஏற்ற முடியாது.

எல்லா ஆட்டத்துக்கும் இதே ரூலா? இல்லை. டென் பாலிலும் இது உண்டு. எய்ட் பாலில் டபிள்யூ.பி.ஏ. விதிப்படி இப்படி ஒன்று கிடையாது. ஸ்ட்ரெய்ட் பூல் என்கிற 14.1-ல் தண்டனை வேறு மாதிரி: ஒவ்வொரு ஃபவுலுக்கும் 1 பாயின்ட் போகும், தொடர்ந்து மூன்றாவது என்றால் அந்த 1-உடன் இன்னும் 15 பாயின்ட் போகும், பிறகு கணக்கு 0-லிருந்து தொடங்கும். அங்கே பந்துகளைத் திரும்ப அடுக்கினாலும் எண்ணிக்கை அழியாது, ஏனென்றால் ஆட்டம் ஒன்றே. தொடக்க பிரேக்குக்கான தனி ஃபவுலும் இந்த மூன்றில் சேராது.

எச்சரிக்கை என்பது மரியாதைக்கு இல்லை

என்னுடைய இரண்டாவது தப்பு இது. தம்பி இரண்டாவது ஃபவுல் செய்தபோது நான் வாயே திறக்கவில்லை. பேப்பரில் கோடு போட்டதோடு சரி.

ரூல்படி, இரண்டாவது ஃபவுல் நடந்த உடனே ரெஃப்ரி சொல்ல வேண்டும். அந்த ஆட்டக்காரர் மறுபடி மேஜைக்கு வரும்போது இன்னொரு முறை சொல்ல வேண்டும். எண்ணிக்கை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஸ்கோர்போர்டில் இருந்தால் அந்த இரண்டாவது எச்சரிக்கைக்கு அது போதும். சொல்ல நேரம் இருந்தும் சொல்லாமல் விட்டால், அடுத்தது சாதாரண ஃபவுலாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அதாவது, தம்பி உண்மையிலேயே மூன்றாவது ஃபவுல் செய்திருந்தாலும் கூட, நான் எச்சரிக்காததால் ரேக்கைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

ஏன் இவ்வளவு கறார்? இரண்டு ஃபவுலில் நிற்பவர் ஆடுகிற ஆட்டமே வேறு. அவர் பந்தைப் போடுவதை மறந்துவிட்டு, எப்படியாவது ஒரு சரியான ஷாட் அடித்துக் கணக்கை அழிக்கப் பார்ப்பார். எதிராளியின் கணக்கும் மாறும். ஏழு பந்து மிச்சம், அதில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், எல்லாவற்றையும் போட்டு முடிப்பதை விட ஒரே ஒரு நல்ல சேஃப்டி வைத்து மூன்றாவது ஃபவுலை வாங்குவது சுலபம். இரண்டு பேர் முடிவும் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் இருக்கிறது. எண் தப்பு என்றால் இருவரும் வேறொரு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய பில்லியர்ட்ஸ் வகையில் மேஜைக்குப் பாக்கெட்டே கிடையாது, மூணே பந்து. பாக்கெட் வைத்த மேஜை ஆங்கிலேயர் வழி வந்தது. அதில் பிறந்த ஸ்னூக்கருக்கு நம்மூர்த் தொடர்பு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டத்துக்கு, 1882-ல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டினார்கள். ஸ்னூக்கரிலும் நம் ரூலுக்கு ஒரு அண்ணன் இருக்கிறது. அடிக்க வேண்டிய பந்து மறைவில்லாமல் நேராகத் தெரியும்போது, தொடர்ந்து மூன்று முறை அதைத் தொடத் தவறினால் ஃபிரேம் போய்விடும். இரண்டாவது முறை முடிந்ததும் ரெஃப்ரி கட்டாயம் எச்சரிக்க வேண்டும். மேஜை மாறினாலும் நியாயம் மாறவில்லை: பெரிய தண்டனை என்றால் முன்கூட்டிச் சொல்.

இன்னொன்று. 'ஸ்னூக்கர்' என்பது அந்தக் காலத்து ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஜூனியரைக் கிண்டலாகக் கூப்பிட்ட பெயர். அதாவது ஃபர்ஸ்ட் இயர்.

எப்படி எண்ணுவது?

ஆப் எதுவும் வேண்டாம். என் பழைய பேப்பரில் 'மொத்த ஃபவுல்' என்று ஒரு கட்டம் இருந்தது, அதுதான் என்னைக் கவிழ்த்தது. மொத்தத்தை எண்ணாதீர்கள், தொடர்ச்சியை எண்ணுங்கள். இப்போது நான் செய்வது இதுதான்.

நம்ம எழுத்து 'ஃ' இருக்கிறதே, மூன்று புள்ளி, அதுவே போதும். ஃபவுல் நடந்தால் அந்த ஆட்டக்காரர் பெயருக்குக் கீழே ஒரு புள்ளி. அடுத்த ஷாட்டும் ஃபவுல் என்றால் பக்கத்தில் இன்னொரு புள்ளி. நடுவில் ஒரு சரியான ஷாட் அடித்தால், பந்து விழுந்ததோ இல்லையோ, புள்ளிகளைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மூன்று புள்ளியும் சேர்ந்து ஆய்த எழுத்து முழுசானால் ரேக் முடிந்தது. அடித்துப்போட்ட புள்ளிகளும் பேப்பரில் இருக்கும் என்பதால், யாராவது கேட்டால் காட்டலாம்.

ஆட்டக்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்றால் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் பெயருக்கும் இரண்டிரண்டு கேரம் காயின் வையுங்கள். ஃபவுலுக்கு ஒன்றை முன்னால் தள்ளுங்கள், சரியான ஷாட்டுக்கு எல்லாவற்றையும் பின்னால் இழுங்கள். இரண்டும் முன்னால் இருந்தால் அவர் இரண்டு ஃபவுலில் இருக்கிறார். அப்போதும் வாயால் சொல்லிவிடுங்கள். "நீங்க ரெண்டு ஃபவுல்ல இருக்கீங்க." நாலே வார்த்தைதான்.

நீங்கள் ஆடுகிறவர் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். "என் கணக்கு எவ்வளவு? அவர் கணக்கு எவ்வளவு?" என்று ரெஃப்ரியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். எந்த ஷாட் அடிக்கலாம் என்று யோசனை கேட்கத்தான் கூடாது.

மறுநாள் கோ-ஆர்டினேட்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ரிசல்ட் போட்டாச்சு, ஃபைனலும் முடிந்தாச்சு, ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்தத் தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு அப்பவே டவுட் இருந்துச்சுண்ணா. நாலைப் போட்டேனே, அப்புறம் எப்படி மூணு ஆகும்னு நினைச்சேன். ஆனா நீங்க சீனியர், உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

அவன் அந்த ரேக்கை ஜெயித்திருப்பானா என்பது வேறு விஷயம். ஆடிப் பார்க்கும் வாய்ப்பை நான் எடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் அதே மேஜையில் அவன் ஆடுவான். யார் ரெஃப்ரியாக நிற்கப் போகிறீர்களோ, இந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கு டவுட் வந்தால் "சரிண்ணா" சொல்லாதீர்கள். அடுத்த ஷாட் அடிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.