சீனப் பட்டாசும் சதிக்கதையும்

தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வலம்வரத் தொடங்கிவிடுகிறது. இந்தியாவை நேரடியாகத் தாக்க இயலாத பாகிஸ்தான் சீனாவின் துணையை நாடியதாகவும், ஆஸ்துமாவை உண்டாக்கும் பட்டாசுகளையும் கண்ணைக் கெடுக்கும் அலங்கார விளக்குகளையும் சீனா இங்கே அனுப்பியிருப்பதாகவும் கூறும் அச்செய்தியின் அடியில், மத்திய உள்துறை அமைச்சகத்தின் மூத்த புலனாய்வு அதிகாரி என ஒருவர் பெயரும் இருக்கும். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அது பொய்யென்று அறிவித்தும் அதன் உலா நிற்கவில்லை.

கண்ணெதிரே உள்ள காரணங்களை ஒதுக்கிவிட்டு, மறைவிலிருந்து இயங்கும் சிலரின் சூழ்ச்சியே எல்லாவற்றுக்கும் மூலம் என்று சொல்லும் இத்தகைய விளக்கம் சதிக்கோட்பாடு எனப்படும். முழுப் பொய்யாக இருந்தால் அது இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காது. சீனப் பட்டாசுகளில் பொட்டாசியம் குளோரேட் சேர்க்கப்படுவது உண்டு. தீப்பெட்டித் தொழிலில் அனுமதியோடு பயன்படும் இந்த மலிவான உப்பு, கந்தகத்தோடு கலந்தால் சிறு உராய்விலேயே பற்றிக்கொள்ளும் என்பதால், குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருள்களுக்கு இந்திய அரசு 1992-இல் தடை விதித்தது. சீனச் சரக்கு கள்ளத்தனமாகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியே வந்திறங்கி வருவாய்ப் புலனாய்வுத் துறையிடம் பிடிபட்டதும் நடந்திருக்கிறது. கடத்தல் உண்மை, அபாயமும் உண்மை. நோய் பரப்பும் திட்டம் மட்டுமே கற்பனை.

இந்தக் கற்பனை சிவகாசி வட்டாரத்துக்கு முதலில் சாதகமாகவே இருந்தது. எம். புதுப்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டு ஆலைகளில் திரி சொருகிக் கூலி வாங்குவோரின் பிழைப்பு, உள்நாட்டுப் பட்டாசை வாங்குவதே நாட்டுப்பற்று என்ற முழக்கத்தால் ஓரளவு காக்கப்பட்டது. அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று கொளுத்தும் வாணவெடிகளில் மிகப் பெரும்பகுதி சீனாவில் செய்யப்பட்டவை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பட்டாசுக்கும் தேசபக்திக்கும் உள்ள உறவு நாட்டுக்கு நாடு மாறுகிறது.

பின்னர் கதை திசைமாறியது. 2015-இல் டெல்லியின் காற்று மாசை முன்னிட்டு மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் தொடுத்த வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையும், தொழிலாளர்கள் பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் நைட்ரேட்டையும் தடைசெய்து, வெடிப்பதற்கு இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. வழக்கின் பின்னணியில் சீனாவும் வெளிநாட்டுப் பணமும் இருப்பதாகச் சமூக ஊடகங்களில் பேச்சு பரவியது. பயிர்த்தாளை எரிக்கும் புகையும் வாகனப் புகையும் சேர்ந்து கெடுத்த நகரத்துக் காற்றுக்காகத் தொலைதூரக் கூலித்தொழிலாளி ஏன் வேலையிழக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு அதிகாரத்திலிருந்தோர் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் சீனா வந்து உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்காவிலும் அரசின் மீது நம்பிக்கை குறைந்த இடத்தில் இப்படித்தான் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. மத்திய அரசு பெரும்பாலும் சரியாகச் செயல்படும் என்று நம்பியோர் 1958-இல் நான்கில் மூவர். 2023-இல் அவர்கள் நூற்றுக்கு 16 பேராகச் சுருங்கிவிட்டனர் என்கிறது பியூ ஆய்வு மையம். வியட்நாம் போரிலும் வாட்டர்கேட்டிலும் அரசு மெய்யாகவே பொய் சொன்னது அம்பலமானதால், பிற்காலத்தில் அது உண்மை சொன்னபோதும் சந்தேகமே மிஞ்சியது.

சதிக்கதையால் ஒரு வசதி உண்டு: எதிரி எட்டாத தூரத்தில் இருப்பதால் உள்ளூரில் எவரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. உரிமம் பெற்றவர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவதையும், ஓர் அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்காரவைப்பதையும், பண்டிகை நெருக்கத்தில் மருந்தை அளவுக்கு மீறி இருப்பு வைப்பதையும் அறியாதவர் சிவகாசி வட்டாரத்தில் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 13 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலையை ஒட்டிய கடைக்கு வெளியே மாதிரிப் பட்டாசுகளை வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறி, பரிசுப்பெட்டிகளில் பட்டாசு அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் விழுந்ததே காரணம் என்றது முதற்கட்ட விசாரணை.