கல்யாண டி.வி.டி.யை எறிந்துவிடாதீர்கள்!

ஊரில் நடந்த கல்யாணத்தின் டி.வி.டி.யைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டார் ஆபீஸ் நண்பர். ஓடவில்லை. தட்டு கெட்டுவிட்டதென்று எறியப் போனார். காலமான அவர் தகப்பனாரின் முகம் அதில்தான் இருக்கிறது!

கெட்டது தட்டு அல்ல. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், டி.வி.டி. ஓட்டும் வசதி விண்டோசோடு சேர்ந்து வருவதில்லை.

காசு செலவழிக்க வேண்டாம். பிரான்சின் வீடியோலேன் சங்கம் இலவசமாகத் தரும் வி.எல்.சி. போதும். 2022-ல் இந்தியாவில் பல மாதம் தடுக்கப்பட்டிருந்த அந்தச் சங்கத்தின் இணையதளம், நவம்பரில் மீண்டும் திறந்தது.

வேறு இடத்தில் அதே பெயரில் கிடைப்பதை நம்பாதீர்கள், வைரஸ் இருக்கலாம். எஸ்.பி. ரோடு கடையில் கொடுத்தாலும், "வீடியோலேன் தளத்திலிருந்தே போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

படம் ஓடியதும் முதல் வேலை, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.