வீட்டில் பிஎம்பி தேர்வுக்குப் படிக்கும் பெற்றோர்... பேச்சைக் குறைத்த பிள்ளை: கவனிக்க வேண்டியது என்ன?

இரவு ஒன்பது மணி. ஆபீஸ் கால் முடிந்து, சாப்பிட்டு, அப்பா மறுபடி லேப்டாப்பைத் திறக்கிறார். இந்த முறை வேலைக்காக இல்லை, பிஎம்பி மாக் டெஸ்ட். "அப்பா படிக்கிறாங்க, உள்ளே போகாதே" என்று அம்மா சொல்ல, இரண்டாம் வகுப்புப் பிள்ளை திரும்பிப் போகிறது. முதல் வாரம் அடம் பிடித்தது. மூன்றாவது மாதத்தில் கதவைத் தட்டுவதே இல்லை. 'பரவாயில்லையே, பிள்ளை சமர்த்தாயிடுச்சு' என்று வீடு நிம்மதியாகிறது. அந்த நிம்மதியைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம் கேட்கிறது இந்தத் தேர்வு?

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎம்ஐ அமைப்பு நடத்தும் சான்றிதழ் தேர்வு இது. நான்கு ஆண்டு பட்டம் இருந்தால் 36 மாதம் புராஜெக்ட்டை வழிநடத்திய அனுபவம் வேண்டும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். 2021-ல் வந்த முறைப்படி 180 கேள்விகள், 230 நிமிடம். பெரும்பாலும் 'இந்தச் சூழலில் அடுத்து என்ன செய்வீர்கள்?' வகைக் கேள்விகள் என்பதால் மனப்பாடம் கைகொடுக்காது. மாக் டெஸ்ட் மேல் மாக் டெஸ்ட் போட வேண்டியிருக்கும். வேலையில் இருப்பவருக்கு அதற்குக் கிடைப்பது இரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பிள்ளைக்கு அப்பா, அம்மா கிடைப்பதும் அதே நேரத்தில்தான். (சம்பந்தப்பட்டவர்கள் யார், அவர்கள் எதிர்பார்ப்பு என்ன என்று முதலிலேயே கண்டுபிடிக்கச் சொல்லும் பாடமும் அதே சிலபஸில் இருக்கிறது.)

அப்போ, படிப்புதான் காரணமா?

இல்லை. பெற்றோர் சில மாதம் படிப்பதாலேயே பிள்ளை ஒதுங்கிவிடாது. பள்ளியில் கேலி, வீடு மாறியது, பேச்சு அல்லது காது கேட்பதில் சிரமம், ஆட்டிசம், பதற்றம், மனச்சோர்வு என காரணம் வேறாக இருக்கலாம். வீடு பரபரப்பாக இருக்கும்போது அது கண்ணில் படத் தாமதமாகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாமதம் சின்ன விஷயம் இல்லை.

தனியாக இருக்கும் எல்லாப் பிள்ளையும் ஒன்றல்ல. கென்னத் ரூபின் போன்ற குழந்தை உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பிரித்தே பார்க்கிறார்கள். பார்க்கில் ஓரமாக நின்று மற்றவர்கள் விளையாடுவதையே பார்க்கும் பிள்ளைக்குச் சேர ஆசை, பயம் தடுக்கிறது. மூலையில் லெகோ அடுக்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும் பிள்ளைக்குத் தனிமை பிடிக்கும், கூப்பிட்டால் வரும். மூன்றாவது பிள்ளையை மற்றவர்களே சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டாவது பிள்ளையை விட்டுவிடலாம். முதலாவதும் மூன்றாவதும் உதவி தேவைப்படுபவை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது மாற்றம். முன்பு வாய் ஓயாமல் பேசியது இப்போது ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறதா? பிறந்தநாள் பார்ட்டிக்குக் கூப்பிட்டால் 'வரல' என்கிறதா? பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி வருகிறதா?

டீச்சரிடம் மார்க் கேட்பதற்கு முன், "லஞ்ச் யாரோட சாப்பிடுறான்?" என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். புத்தகத்தைத் திறக்கும் முன் போன் இல்லாத 15 நிமிடம் பிள்ளைக்கு. தேர்வு தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, தினமும் பிள்ளையையே அடிக்கச் சொல்லலாம். இது என்றைக்கு முடியும் என்று அதற்கும் தெரிய வேண்டுமே. விருந்தாளிகள் முன்னால் "இவ யார்கிட்டயும் பேசமாட்டா" என்று சொல்வதை நிறுத்துங்கள். கூட்டத்தில் தள்ளிவிடாமல், பிடித்த ஒரே ஒரு நண்பரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் சில வாரங்களில் மாறவில்லை, தூக்கம், சாப்பாடு குறைகிறது, பள்ளிக்கே போக மறுக்கிறது என்றால் குழந்தை நல மருத்துவரையோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ பாருங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பள்ளியிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1098.