புல்லை விட மண்ணுக்குத்தான் செலவு!

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் நம் ஊர் வரப்போரத்தில் சும்மா கிடைக்கிறது. அமெரிக்காவிலோ அதைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்! அங்கே அதற்குப் பெயர் 'பெர்முடா புல்'.

புல்லைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். வேரோடும் மண்ணோடும் இயந்திரத்தால் சீவி எடுக்கிறார்கள். பாய் போலச் சுருட்டி விற்கிறார்கள். புது வீட்டு வாசலில் விரித்தால் ஒரே நாளில் பச்சைப் புல்தரை தயார்!

ஆனால், ஒரே அளவுள்ள இரண்டு வீட்டு வாசலுக்கு ஒரே செலவு ஆவதில்லை. ஏன்?

தூரமும் சுமையும்

சுமார் 450 சதுர அடிப் புல்லை ஓர் அடுக்காக அடுக்கி லாரியில் ஏற்றுவது அங்கே வழக்கம். ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கே ஒரு டன்னைத் தாண்டிவிடும். பண்ணை தூரமானால் லாரிக் கூலி ஏறும். கொல்லைப்புறத்துக்கு லாரி போக வழி இல்லையென்றால் தள்ளுவண்டியில்தான் கொண்டு போக வேண்டும். ஆள் கூலியும் கூடும்.

வெட்டிய புல்லை ஒரு நாளுக்குள் விரித்துவிட வேண்டும். சுருட்டியபடியே கிடந்தால் உள்ளே சூடேறி வாடிவிடும்.

கோணலுக்கும் காசு

சதுரமான இடத்துக்குச் சேதாரம் குறைவு. வளைவும் மூலையும் இருந்தால் வெட்டிக் கழிக்க வேண்டும். அதனால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு புல்லைக் கூடுதலாக வாங்குகிறார்கள். சரிவான நிலத்தில் புல் நழுவாமல் முளை அடிக்க வேண்டும். அதுவும் தனிச் செலவு.

மண்ணில்தான் சூட்சுமம்

புது வீடு கட்டிய இடத்தில் லாரி ஏறி ஏறி மண் இறுகிக் கிடக்கும். அதை நாலு முதல் ஆறு அங்குலம் கொத்தி, கல் பொறுக்கி, மக்கிய எரு கலந்து, மட்டப்படுத்த வேண்டும். பழைய புல் இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். இதுதான் பலருக்கு வீண் செலவாகத் தோன்றுகிறது!

இதை விட்டுவிட்டால் வேர் இறங்காது. சில வாரங்களில் புல் பழுத்துவிடும். அன்று மிச்சம் பிடித்த பணம், மறுபடி புல் வாங்கப் போய்விடும்.

இடம் பார்த்துப் புல் எடுப்பதும் முக்கியம். பெர்முடா புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். மர நிழலில் விரித்தால் போட்ட பணம் போச்சு!

தண்ணீர்க் கணக்கு

முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். கோடையில் விரித்தால் இந்தச் செலவு இன்னும் அதிகம்.

வறண்ட நெவாடா மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டமே வந்தது. லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் யாரும் பயன்படுத்தாத, வெறும் அழகுக்கான புல்தரைக்கு 2027 ஜனவரி 1 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. தனி வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே புல்லை எடுத்துவிடுகிற வீட்டுக்காரருக்குப் பணமே கொடுக்கிறார்கள்!

கையில் பணம் குறைவா? அதற்கும் வழி உண்டு. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மட்டும் புல் பாய். மற்ற இடத்துக்கு விதை. விதைப் புல் வளரச் சில வாரம் பொறுக்க வேண்டும். ஆனால், செலவு மிகக் குறைவு.

புல்லின் விலையைக் கேட்குமுன் மண்ணையும் வெயிலையும் தண்ணீரையும் பாருங்கள். உண்மையான செலவு அப்போதுதான் தெரியும்!