ஊமைத் திரை



கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம், பிள்ளையின் படிப்புக்காக, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இயக்க முறைமை. விசையைத் தட்டியதும் கணினியைச் செய்தவர்களின் சின்னம் தெரிகிறது. தொடக்கப் பட்டியலும் வருகிறது. பிறகு திரை இருண்டுவிடுகிறது. "செத்துப்போன சாமான்" என்று ஒதுக்கிவிடலாமா? அவசரம் வேண்டாம்.

கணினி விழித்தெழும்போது, தான் செய்யும் வேலைகளைச் சொல்லிக்கொண்டே வரும். அது பேசும் இடத்திற்குக் கன்சோல் என்று பெயர். நம் வீட்டில் அது திரை. அலுவலகக் கணினிகள் சிலவற்றுக்குத் திரையே இராது; அவை பின்புறத் துளை ஒன்றில் செருகிய கம்பி வழியாக வேறொரு கணினியிடம் பேசும். அந்த ஏற்பாடு மாறாமல் நம்மிடம் வந்தால் திரை ஊமையாகிவிடும்.

கிராணியார் மேல் டிவிஷன் பெரட்டில் உத்தரவு சொல்ல, நாம் கீழ் டிவிஷனில் காத்து நிற்பது போன்றது இது. உத்தரவு பிறந்துவிட்டது, நம் காதுக்குத்தான் எட்டவில்லை. வட்டில் பழுது கண்டு கணினி கடவுச்சொல் கேட்டாலும், அந்தக் கேள்வியும் கம்பி வழியேதான் போகும். நாம் விடியும்வரை காத்திருந்தாலும் பயனில்லை.

என்ன செய்யலாம்? தொடக்கப் பட்டியல் தெரியும்போது ஆங்கில 'இ' எழுத்து விசையை அழுத்துவோம். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கன்சோல்' என்ற சொல்லைத் தேடுவோம். அதையடுத்து 'டிடிஒய்எஸ் 0' என்றிருந்தால் கம்பி வழி. 'டிடிஒய் 0' என்றிருந்தால் திரை. இரண்டும் இருந்தால் கடைசியில் நிற்பதே முதன்மை. ஆகவே திரையைக் கடைசியில் வைப்போம். 'குவைட்' என்ற சொல் இருந்தால் நீக்குவோம். அது பேச்சை அடக்கும் சொல். பிறகு எஃப் 10 விசையை அழுத்துவோம்.

இந்தத் திருத்தம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே, தவறினாலும் கெடுதலில்லை. திரை பேசினால், விவரம் அறிந்தவரைக் கொண்டு நிலையாக மாற்றிக்கொள்ளலாம். சின்னமே தெரியாவிட்டால் கோளாறு வேறு. மின்கம்பி, திரைக்கம்பி, நினைவகத் தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வியர்வை சிந்தி வாங்கிய பொருள். தூக்கி எறியுமுன் அது எங்கே பேசுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.